ஆண் பூனைக்குச் சிறுநீர் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி கிடைத்ததிலிருந்து எங்கள் புளோக்கில் பூனையைப் பற்றிய பேச்சு கூடிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம், மைக்ரோசிப் பொருத்த வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும், ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது மின்தூக்கியில் ஏறும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்தப் பூனை சிறுநீர் போக முடியாமல் மணல் பெட்டியில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் என்ன செய்வது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் உட்லண்ட்சில் வசிக்கிறேன். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் நானும் சுந்தரியும்தான். சுந்தரி வயதான பெண் பூனை, கறுப்பும் வெள்ளையும் கலந்தவள். கீழ்த்தளத்தில் குட்டியாகக் கிடந்தவளை என் மகன் தூக்கி வந்தான்.

போன வருடம் ஒருநாள் சமையலறைக் கழிவறையின் வெள்ளை ஓட்டில் ரோஜா நிறத்தில் ஒரு சொட்டு கிடந்தது. அதற்கு முன்பே அவள் மணல் பெட்டிக்கு அடிக்கடி போவதைக் கவனித்திருந்தேன். போவாள், தோண்டுவாள், முதுகை வளைத்து உட்காருவாள், ஒரு துளி விழும், பிறகு பின்புறத்தை நக்கிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை வாசல் கால்மிதியிலும் இருந்துவிட்டாள். அத்தனை வருடத்தில் செய்யாத காரியம். பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் அதைத் திமிர் என்று நினைத்து அதட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதட்டாதீர்கள். பெட்டியில் உட்கார்ந்தால் எரிகிறது என்றால் அந்தப் பெட்டியையே அது வெறுத்துவிடும்.

உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சூடு, மோர் கொடு என்றார் ஒருவர். பார்லித் தண்ணீர் என்றார் இன்னொருவர். இன்னொரு வீட்டில், மனிதர்களுக்குக் கொடுத்து மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கால்வாசி உடைத்துப் போடச் சொன்னார்கள். வலிக்குப் பேனடால் கொடுக்கலாமா என்றும் ஒரு கேள்வி வந்தது. இந்த ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போட முடிந்தால் போடுங்கள் ஆசிரியரே: பேனடாலில் இருக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நமக்குச் சாதாரணமான ஒரு மாத்திரை, அதை உடைத்து அகற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. கொஞ்சம் போனாலே இரத்தம் கெட்டுவிடும். பாலும் மோரும் பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும், வேறு பலன் கிடையாது.

விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்ததும் மருந்து எழுதவில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றுப் பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு சிறுநீர்ப்பையிலிருந்து நேராகச் சிறுநீர் எடுத்தார். மணலிலிருந்தோ தரையிலிருந்தோ எடுத்தால் வேறு கிருமிகளும் சேர்ந்துவிடும், எது நோய்க்கிருமி என்று சொல்ல முடியாது. அந்தச் சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார், இரத்தமும் எடுத்தார். முடிவு வந்தபோது இ.கோலை கிருமி இருந்தது. சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமாகியிருந்தது. வயதான பூனைகளுக்கு இப்படி வருவது சகஜம் என்றார். சிறுநீரகம் தளர்ந்தால் சிறுநீர் நீர்த்துப் போகிறது, நீர்த்த சிறுநீரில் கிருமி சுலபமாக வளர்கிறது. சர்க்கரை நோய் உள்ள பூனைகளுக்கும் இதே தொல்லை உண்டு.

இளம் பூனைகளின் கதை வேறு. இதைக் கேட்டபோது தாதியாக இருந்த எனக்கே வியப்பாக இருந்தது. சிறுநீர் போகக் கஷ்டப்படும் இளம் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிருமியே இருக்காது. சிறுநீர்ப்பை தானாகவே வீங்கி எரிகிறது, அதற்கு மன அழுத்தமும் ஒரு காரணம். மாடியில் டிரில் அடிக்கும் சத்தம், வீட்டுக்கு வந்த புதுப் பூனை, தீபாவளிக்கு வந்து நிறைந்துவிடும் விருந்தினர்கள், எதுவும் போதும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பயனில்லை. வலி குறைக்கும் மருந்தும் தண்ணீரும் அமைதியும்தான் வேண்டும். சிலவற்றுக்குச் சிறுநீரில் படிகமோ கல்லோ இருக்கும். ஸ்ட்ரூவைட் வகைக் கல்லைச் சிறப்பு உணவு கரைத்துவிடும், கால்சியம் ஆக்சலேட் வகை கரையாது. எனவே 'அவர் வீட்டுப் பூனைக்கு இந்த உணவு கேட்டது' என்று கடையில் போய் வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை. சோதனை செய்யாமல் யாராலும் எது என்று சொல்ல முடியாது.

சுந்தரிக்கு மருந்து திரவமாகக் கிடைத்தது, பிரிட்ஜில் வைக்க வேண்டிய வகை. ஊசி இல்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். மடியில் துண்டை விரித்து, காலெல்லாம் உள்ளே போகும்படி சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே விட்டுக் கொடுத்தேன். மருந்து முடிந்ததும் விரல் நுனியில் கொஞ்சம் டூனா. இரண்டாம் நாள் முதல் டூனாவுக்காகவே துண்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மாத்திரையாகக் கொடுத்திருந்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் சில மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பூனை நன்றாகிவிட்டதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது. அதை எத்தனையோ நோயாளிகளிடம் வார்டில் சொல்லியிருக்கிறேன், பூனைக்கும் அதேதான்.

தண்ணீர்தான் பெரிய வேலை. பூனை இயல்பாகவே அதிகம் தண்ணீர் குடிக்காத பிராணி. உலர் உணவில் பத்து விழுக்காடு அளவுதான் ஈரம் இருக்கும், டின்னில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஈர உணவுக்கு மாற்றினேன், அதிலும் ஒரு கரண்டி வெந்நீர் கலந்து கொடுத்தேன். தண்ணீர்க் கிண்ணங்களைச் சாப்பாட்டுக்கும் மணல் பெட்டிக்கும் தள்ளி, வீட்டில் பல இடங்களில் வைத்தேன். கோழி வேகவைத்த தண்ணீரும் கொடுத்தேன், ஆனால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல். நம் வீட்டுச் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? அதனால் குழம்பையும் ரசத்தையும் பூனைக்கு ஊற்றக்கூடாது. இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

மணல் பெட்டியை ஒரு பூனை இருந்தால் இரண்டு வைப்பது நல்லது, இரண்டு பூனை இருந்தால் மூன்று. வீவக வீட்டில் அதற்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். ஒன்று கழிவறையிலும் ஒன்று அறையின் மூலையிலும் வைத்துவிட்டேன், நடக்க முடிகிறது. கட்டியாகும் மணலாக இருந்தால் தினமும் அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரியது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். குணமாகிறாளா என்று எனக்குச் சொன்னதே அந்தக் கட்டிகள்தான். முதலில் சுண்டல் அளவுக்குச் சின்னச் சின்னதாக வந்தவை நாள் போகப் போகப் பெரிதாகின. மருந்து முடிந்த பின் மறுபடியும் சிறுநீர்ச் சோதனை செய்தோம், கிருமி இல்லை. சிறுநீரகத்துக்காக இப்போதும் அவ்வப்போது போய்க் காட்டுகிறோம்.

இதுவரை சொன்னதில் அவசரம் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். இனிச் சொல்வது அப்படியல்ல.

பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் அழைப்போம்) பூனை ஓயேன், ஆரஞ்சு நிற ஆண் பூனை, நல்ல கொழுகொழுவென்று இருப்பான். அவர்களுக்கு மேல்மாடியில் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஓர் இரவு மக்சிக் என் கதவைத் தட்டினார். காலையிலிருந்து பெட்டியில் போய் முக்குகிறான், மலச்சிக்கல் போலிருக்கிறது, என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஓயேன் பெட்டிக்குள் உட்கார்ந்து, அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரு குரலில் கத்திக்கொண்டிருந்தான். மணல் முழுக்கக் காய்ந்திருந்தது. ஒரு துளிகூட இல்லை. அடிவயிற்றை மெதுவாகத் தொட்டேன், உள்ளே எலுமிச்சம்பழம் போலக் கல்லாக இருந்தது. அதைத் தொட்டதும் கையைக் கடிக்க வந்தான். அதற்குமேல் நான் அழுத்தவில்லை. யாரும் அழுத்தவும் கூடாது, நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. வீக்கம், சளி, படிகம் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு அடைப்பு உண்டானால் போதும், முழுதாக நின்றுவிடும். சிறுநீர் வெளியேறாவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தைத் தாக்கும். ஒரு நாள் கடந்தாலே பெரிய ஆபத்து, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். வாந்தி, சோர்வு, உடல் சில்லிடுவது எல்லாம் காலம் கடந்த பிறகு வரும் அறிகுறிகள்.

முதலில் அழைத்த ஒரு விலங்கு மருத்துவ நிலையத்தில், சிறுநீர்த் தொற்று என்றால் நாளை காலை முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். ஆண் பூனையா, சிறுநீர் வருகிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. நான் தொலைபேசியை வாங்கி, 24 மணி நேரமும் இயங்கும் இன்னோர் இடத்தை அழைத்து, "ஆண் பூனை, காலையிலிருந்து ஒரு துளியும் வரவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது" என்றேன். உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். இதே சொற்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கலாம், எந்த மருத்துவருக்கும் இது போதும்.

ஓயேனை மயக்கி, குழாய் விட்டு அடைப்பை நீக்கி, டிரிப் ஏற்றி, சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த முதல் வாரம்தான் மறுபடி அடைக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லி அனுப்பினார்கள். மக்சிக்கின் மகள் ஒவ்வொரு முறை அவன் பெட்டியில் உட்காரும்போதும் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்ப்பாள். எழுந்து போனதும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. நமக்கு இருப்பதுபோல் பூனைக்கு மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பு கிடையாது, அரசாங்கத்தின் பலதுறை மருந்தகம் கிடையாது. சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இது பெரிய அடி. பூனை வாங்கும் நாளிலேயே மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுகிறேன். செல்லப்பிராணிக் காப்புறுதியும் இருக்கிறது, அதில் எது சேரும் எது சேராது என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் பூனையைக் கொண்டுபோக முடியாது, அதனால் பூனைக்கூடை தயாராக இருக்கட்டும்; பிராணியை ஏற்றும் வாடகைக் காரை அழைக்கும் வழியும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே இருக்கட்டும்.

முதல்முறை உரிமம் எடுப்பவர்கள் செல்லப்பிராணி வளர்ப்புப் பாடம் ஒன்றை இணையத்தில் முடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் படிப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். பகலெல்லாம் பூனையோடு இருப்பது தாத்தா பாட்டிகளும் பணிப்பெண்களும். மணல் பெட்டியை அள்ளுகிறவர்களும் அவர்களே, முதலில் அறிகுறியைப் பார்க்கப் போகிறவர்களும் அவர்களே. அரசாங்கத்தின் விலங்குநல மருத்துவச் சேவை ஒரு பக்க அளவில் படங்களோடு, நான்கு மொழியிலும் இதை அச்சிட்டு, புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகைகளில் ஒட்டச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டெங்கிக் கொசுவுக்கு ஒட்டுகிற அதே பலகைதான்.

உங்கள் நாளிதழிலும் மாதம் ஒருமுறையாவது ஒரு விலங்கு மருத்துவரிடம் வாசகர்கள் தமிழில் கேள்வி கேட்க இடம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். முதல் கேள்வியை நான் அனுப்பத் தயார்: சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் டிரிப் ஏற்றப் பழகும்போது, பூனைக்கு வலி தெரியாமல் எந்த இடத்தில் ஊசி போடுவது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
உட்லண்ட்ஸ்