தில்லி வெயில் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறைக்கு தில்லி வருகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்த படம் எடுக்கும் குறிப்புகளைப் படித்தேன். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், உச்சிவெயிலில் கேமராவைத் தொடாதீர்கள் என்பதுதான் சாரம். மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் சரி. டிசம்பர் மாதத்து தில்லிக்குச் சரிப்படாது. ஆர்.கே.புரத்தில் இருந்துகொண்டு, வருஷா வருஷம் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி, அவர்கள் போனிலேயே படமும் எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டிவிடும். உதித்தாலும் பனியும் புகையும் சேர்ந்து, ஒன்பது பத்து மணி வரை வெயில் கண்ணில் படாத நாட்கள் நிறைய. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது, மேலே சூடான காற்று பானை மூடி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது, புகை கலைய வழியில்லை. அந்நேரம் எடுத்தால் முகமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். பின்னால் நிற்கும் கட்டடமே தெரியாது.

உச்சிவெயில் கதை வேறு. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது, தில்லி 28.6. டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் ஏறும். இங்கே 38 பாகையோடு நின்றுவிடும். சென்னையில் அன்று மதியம் இரண்டரை மணிக்கு மேல் விழுகிற சாய்ந்த வெயில், தில்லியில் நட்டநடுப் பகலிலேயே கிடைக்கிறது. கண்குழியில் கறுப்பு நிழல் விழாது, சேலைச் சரிகையும் பளிச்சென்று வெளுத்துப் போகாது. காலை 11 முதல் 3 வரை தாராளமாக எடுக்கலாம். ஜூனில் மட்டும் உங்கள் குறிப்பே சரி. அப்போது சூரியன் 85 பாகை வரை ஏறித் தலைக்கு மேல் நிற்கும்.

கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்று ஒரு வரியாவது போட்டிருக்கலாம். செங்கோட்டையின் லாகோரி வாசல் மேற்குப் பார்த்தது. காலையில் போனால் வெயில் அதன் முதுகில்தான் அடிக்கும், முகப்பு இருண்டு கிடக்கும். ஹுமாயூன் கல்லறையிலும் நாம் மேற்கு வாசல் வழியாகத்தான் நுழைகிறோம், அதனால் இரண்டு மணிக்கு மேல் போவதே நல்லது. 1754-இல் கட்டிய சஃப்தர்ஜங் கல்லறைக்கு வாசல் கிழக்கே. அதைக் காலைப் பனி விலகியதும் முதலில் முடித்துவிடலாம். இதைப் பார்க்காமல் பேருந்துக்காரர் சௌகரியத்துக்கு ஏற்றபடி பட்டியல் போட்டால், நாள் முழுக்க முதுகு வெயிலில்தான் படம் எடுக்க வேண்டிவரும்.

ஹுமாயூன் கல்லறையில் பெரியவர்களைப் படம் எடுக்க நான் கண்டுவைத்திருக்கும் இடம் கீழ்மேடையின் வளைவுகள். பாட்டியை வளைவுக்குள் ஒரு முழம் தள்ளி, நிழலில் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வையுங்கள். வெளியே வெயில் பட்ட கல் தரையிலிருந்து வெளிச்சம் எழும்பி, மோவாய்க்கும் கழுத்துச் சுருக்கங்களுக்கும் இளஞ்சூடான நிறம் கொடுக்கும். கண்ணைச் சுருக்காமல் நிற்பார், மூக்குத்திக் கல்லில் ஒரு பொட்டு வெளிச்சம் உட்காரும். பட்டுச்சேலைக்கு மேல் போட்ட ஸ்வெட்டரை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள், குளிர் அவருக்குத்தானே! வெளியில் வந்து பளிங்குக் கும்மட்டத்தை எடுக்கும்போது போன் திரையில் கும்மட்டத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பளிங்கின் வரிகள் மறைந்து வெறும் வெள்ளையாகிவிடும்.

அந்திவெயிலுக்காகக் காத்திருங்கள் என்ற குறிப்பும் இங்கே பாதிதான் பலிக்கும். சூரியன் மறைவது ஐந்தரை மணி வாக்கில். ஆனால் புகை அடர்ந்த நாட்களில் அரை மணி முன்பே மங்கிய ஆரஞ்சு வட்டமாகி, நிழலே விழாமல் போய்விடும். நாலரைக்குள் குடும்பப் படத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அடுத்த முறை தில்லி பற்றிப் போடும்போது மாதத்தையும் திசையையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், கேமராவைப் பொருத்தும் முக்காலி (டிரைபாட்) கொண்டுவர நினைப்பவர்களுக்கு, தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். வாசலில் நின்று காவலாளியோடு வாதாடும் நம்மூர்க்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

– ஒரு வாசகி,
ஆர்.கே.புரம், புது தில்லி