கேமராவோடு எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு

நெல்லைப் பக்கம் படம் எடுக்க வரும் புகைப்படக் கழகத்தாருக்கும், அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் முக்கூடல்காரி, பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவள். எங்கள் பெண்களை நீங்கள் எடுக்கும் படங்களைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். சுருக்கம் விழுந்த முகம், ஒரு பக்கமாக விழும் வெளிச்சம், பொக்கைவாய்ச் சிரிப்பு, இல்லையென்றால் கலங்கிய கண். கீழே ‘மண்ணின் மணம்’ என்று ஒரு தலைப்பு. பெயர் மட்டும் இருக்காது. கேட்டிருந்தால்தானே போடுவதற்கு?

எதிர்வீட்டு ஆச்சியைப் படம் எடுக்க வந்தபோது, “எய்யா, கொஞ்சம் இரு, நல்ல சேலை உடுத்திட்டு வந்திருதேன்” என்றார். வேண்டாம் பாட்டி, இப்படியே இருங்க, இதுதான் இயல்பா இருக்கு என்று உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. படம் எடுக்கப் போகிறோம் என்றால் உங்கள் வீட்டுப் பெண்கள் தலை சீவிக்கொள்ள மாட்டார்களா? எங்கள் தெருவில் வயதான பெண்கள் பலருக்குத் தனியாக எடுத்த படம் என்று இருப்பது ஆதார் அட்டையில் உள்ளதுதான். அவர்கள் இறந்தபின் சுவரில் மாட்டுவதற்கு, யாருடைய கல்யாணத்திலோ கூட்டமாக நின்ற படத்திலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள், பக்கத்தில் நின்றவரின் தோள் ஓரத்தில் தெரிய.

பீடி சுற்றும் கையை நெருக்கத்தில் எடுக்கிறீர்கள். சரி, எடுங்கள். ஊறவைத்த இலையை அளவாகக் கத்தரித்து, தூளைச் சீராக வைத்துச் சுற்றி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு என்று அடுக்கி முடித்த பிறகு அந்தப் பெண் பீடியை வாங்கிக்கொள்ளும் கடைக்குப் போகிறார், அங்கே சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடியைக் கையில் எடுத்து “இதுல என்ன குத்தம், சொல்லு” என்று சண்டை போடுகிறார். அந்த முகத்தை ஏன் ஒருவரும் எடுப்பதில்லை? பாய்க்குப் பேர்போன பத்தமடையிலும் இதே கதைதான். புவிசார் குறியீடு வாங்கிய பாய் படத்தில் பளிச்சென்று விழுகிறது, கோரையை இழை இழையாகக் கிழித்து நெய்தவர் பின்னால் மங்கலாகத் தெரிகிறார். 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பாதி இடம் பெண்களுக்குத்தான், ஆனால் வேட்பாளரைவிட அவர் கணவரின் முகம் பெரிதாக இருந்த போஸ்டர்களையும் பார்த்தோம். அதனால் குறை உங்களிடம் மட்டும் என்று சொல்ல வரவில்லை.

ஆனாலும் கேமரா உங்கள் கையில் இருக்கிறது. எங்கே நிற்க வேண்டும், எதை உடுத்த வேண்டும், சிரிக்கலாமா முறைக்கலாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து எடுக்கச் சொன்னால் அப்படியே எடுங்கள். சம்மதம் கேட்டு, பெயரையும் தொழிலையும் போடுங்கள். சென்னையில் காட்டுவதற்கு முன்னால் எங்கள் ஊரிலேயே ஒருநாள் மாட்டுங்கள். ஆளுக்கு ஒரு பிரிண்ட் கொடுங்கள், அனுப்புகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் ஏற்கெனவே நிறைய.

வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மற்ற நாளில் கடைக்குப் பீடி கொடுக்கிற அவசரத்தில் இருப்பார்கள், உங்களுக்காக நிற்க நேரம் இருக்காது.