கிரஹாம் கவுன்டிக்காரர்களுக்கு நன்றி

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து கிரஹாம் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் மண்ணின் கதையைத் தமிழில் எழுதும் வேலை ஒருவழியாக முடிந்தது. நீங்கள் கைகொடுக்காமல் இருந்திருந்தால் இது தேறியிருக்காது. படிக்கப்போகிறவர்களுக்கும் அது தெரியட்டும் என்றுதான் இந்த நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஹில் சிட்டி நூலக அம்மாவுக்கு. பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்து வைத்ததோடு, மூடும் நேரம் தாண்டியும் எனக்காகக் காத்திருந்தார். அப்புறம், பத்திரப் பதிவேடுகளைப் புரட்டிக் காட்டிய அலுவலருக்கு. 1880-இல் கவுன்டி அமைந்தபோது முதல் எழுத்தர் பதவியில் அமர்ந்தவர் எட்வர்ட் மெக்கேப் என்ற கறுப்பினத்தவர். இரண்டே ஆண்டில், 1882-இல், மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதைச் சொல்லும்போது சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுவதுபோல அந்த அலுவலரின் குரலில் அவ்வளவு பெருமிதம்.

நிக்கோடெமஸில் என்னோடு வெயிலில் நடந்த பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது? 1877-இல் கென்டக்கியிலிருந்து வந்து இந்த ஊரை உண்டாக்கிய கறுப்பினக் குடும்பங்களின் வழிவந்தவர் அவர். சரிவில் புல் கொஞ்சம் அடர்ந்து, தரை லேசாக உள்வாங்கியிருந்த ஓர் இடத்தைக் கைத்தடியால் தொட்டு, "இதுதான் வீடு" என்றார். மரம் கிடைக்காத சமவெளி. மண்ணைக் குடைந்துதான் முதல் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். காய்ந்த காட்டெருமைச் சாணமும் சூரியகாந்தித் தண்டும்தான் அடுப்புக்கு. அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று தேடியபோது தரையிலிருந்து புகை எழுவதைத்தான் கண்டார். பார்த்ததும் அழுதுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்ததை ஊர் இன்றும் மறக்கவில்லை. பாட்டி இதை இரண்டு முறை சொன்னார். கட்டுரையில் கட்டாயம் வர வேண்டும் என்றார். வந்திருக்கிறது, பாட்டி.

நிக்கோடெமஸில் 1939-இல் கட்டிய டவுன்ஷிப் மன்றத்தில், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தில், என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன பூங்காத் துறை ஊழியருக்கும் நன்றி. 1888-இல் ரயில் பாதை நிக்கோடெமஸைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போனதும் கடைகள் போக் ஊருக்கு இடம்பெயர்ந்ததை அவர் வரைபடத்தில் விரல் வைத்து விளக்கிய பிறகுதான், ஊர் ஏன் சுருங்கியது என்பது எனக்குச் சரியாகப் பிடிபட்டது. ரயில் வரவில்லை, ஆனாலும் சிலர் கிளம்பவில்லை. எனக்கு இந்தக் கவுன்டியைப் பிடித்ததற்கு முதல் காரணம் அவர்கள்தான்.

சாப்பாடு போட்டு, கோதுமை வயலையும் சுற்றிக் காட்டிய விவசாயக் குடும்பத்துக்கும் நன்றி. இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை பனிக்கடியில் தூங்கி, ஜூன் கடைசியில் அறுவடைக்கு வருவதை நீங்கள் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். 2020 கணக்கெடுப்பின்படி 2,415 பேர் மட்டுமே வாழும் கவுன்டி இது. வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு வண்டியிலிருந்தும் யாராவது கையசைத்தார்கள். முகம் தெரியாத அவர்களுக்கும் என் வணக்கம்.

கட்டுரையின் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றை ஹில் சிட்டி நூலகத்துக்கு அனுப்புகிறேன். பெயரோ ஆண்டோ எங்காவது பிசகியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திவிடலாம். ஜூலைக் கடைசி வாரம் நிக்கோடெமஸில் நடக்கும் குடும்ப ஒன்றுகூடலுக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். கண்டிப்பாக வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் விருந்தாளி