எந்தப் பயிருக்கு? குமரி மாவட்ட உரக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கு,

தோவாளைப் பக்கம் கொஞ்சம் ஏத்தனும் மட்டியும் போட்டிருக்கிற வாழை விவசாயி நான். உங்களில் சிலருக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேன். இந்த மடல் அதைப் பற்றியது அல்ல.

போன வருடம் ஆனி மாதம் என் தம்பி மகன் உங்களில் ஒருவருடைய கடைக்கு வந்தான். கல்லூரியில் படிக்கிற பையன். ஒரு பூச்சிமருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டான். எடுக்கத் திரும்பிய கடைக்காரர் வழக்கம்போல, "எந்தப் பயிருக்கு?" என்றார். வாழைக்கு என்றான். என்ன வாழை? ஏத்தன். "குலை தள்ளியாச்சா?" அதற்குப் பையனிடம் பதில் இல்லை. வாழைக்கு மருந்து வாங்க வருகிற எவனும் அந்தக் கேள்விக்கு முழிக்க மாட்டான்.

அவர் அலமாரியை மூடிவிட்டு, "இரி மக்களே" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சாயா வாங்கிக் கொடுத்தார். மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் நேராகவே கேட்டுவிட்டார்: "சாகணும்னு தோணுதாடே?" பையன் உடைந்து அழுதுவிட்டான். பத்து நிமிடத்தில் எனக்குப் போன் வந்தது.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகிவிடும் என்று நம்மில் பலருக்குப் பயம். அவனைப் பார்த்த மனநல மருத்துவர் சொன்னது நேர்மாறு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, இருக்கிறவனுக்குப் பாரம்தான் இறங்குகிறது என்றார்.

அந்த மருந்தின் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னால் கேட்டேன். போனில்தான். அவனைப் போலவே மனம் நொந்தவர்கள் ராத்திரி கூடிப் பேசுகிற ஒரு குழு. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, யாருக்கும் சொல்ல முடியாததை அங்கே வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே அவன் கேட்டதற்குப் பெயர் கிடைத்ததே தவிர, "உனக்கு என்னடே ஆச்சு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டது உங்கள் கடை மேசைதான்.

உங்கள் எல்லாரிடமும் நான் வேண்டுவது, "எந்தப் பயிருக்கு?" என்ற அந்த ஒரு கேள்வியை நீங்களும் கேட்க வேண்டும் என்பதுதான். ஒருவர் மட்டும் கேட்டால் போதாது. இந்தக் கடையில் கேட்டால் அடுத்த கடைக்குப் போவான் என்பீர்கள். போகலாம். ஆனால் சாகணும் என்கிற இந்த வேகம் பலருக்குச் சில மணி நேரம்தான், சிலருக்குச் சில நிமிடம்தான். வழியில் ஒரு தடை, ஒரு ஸ்டூல், ஒரு சாயா இருந்தால் அது தணிய நேரம் கிடைக்கிறது. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. 'சாகணும்னு நினைச்சவன் எப்படியும் சாவான்' என்று நம் ஊரில் சொல்வது சுத்தப் பொய்.

இலங்கையைப் பாருங்கள். 1995-ல் உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் அதனால் விழவில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளமும் 2011-லேயே பல மருந்துகளைத் தடை செய்தது. தடை போடுவது அரசாங்கத்தின் வேலை, அதை உங்கள் தலையில் கட்ட வரவில்லை. மேசையில் கேட்கிற கேள்வி மட்டும் உங்களுடையது.

1968 பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கியவர்கள் நீங்கள், பில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பில்லில் பயிரின் பெயரையும் எழுதினால் கேள்வி தானாக வந்துவிடும், யாரையும் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது. உங்களில் பலர் ஒரு வருட டேசி டிப்ளமோ முடித்தவர்கள். மண் பரிசோதனையும் பூச்சி மேலாண்மையும் சொல்லித் தருகிற அந்தப் படிப்பில் இதற்கும் அரை நாள் ஒதுக்கச் சொல்லி உங்கள் சங்கம் கேட்டாலென்ன? ஆன்லைனிலும் மருந்து விற்கலாம் என்று 2022-ல் விதியைத் திருத்திவிட்டார்கள். அங்கே முகம் பார்க்க ஆளில்லை. உங்கள் வியாபாரத்துக்கு ஒரு நியாயம் வேண்டுமென்றால் இதையே சொல்லுங்கள்.

போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே கிடையாது.

விவசாயிகளான நாங்களும் யோக்கியர்கள் இல்லை. என் வீட்டிலேயே மிச்ச மருந்து பூட்டில்லாமல் கிடந்தது, அன்று ராத்திரிதான் அது என் கண்ணில் பட்டது. காட்டுமன்னார்கோவில் பக்கம் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பூட்டறையில் வைத்துப் பார்த்தார்கள், அங்கே தற்கொலை குறைந்தது. நம் ஊர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஒரு அறை சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. அதைக் கேட்டு மனு எழுதிவிட்டேன். அதுவரை எங்களுக்குப் பெரிய டப்பா தராதீர்கள், தேவைக்கு மட்டும் கொடுங்கள்.

பையன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், மாதம் ஒருமுறை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறான். எல்லா நாளும் நன்றாக இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன். சில நாள் பேசுவதே இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் போன் பண்ணினால் எடுத்துவிடுகிறான்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அடித்திருக்கிறேன். "மனசு சரியில்லையா? 14416-க்குப் பேசுங்க, ராத்திரியும் எடுப்பாங்க, காசு கிடையாது" என்று பெரிய எழுத்தில் இருக்கும். டெலிமனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. 104 என்கிற சுகாதார உதவி எண்ணையும் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வடசேரிச் சந்தைக்குக் குலை கொண்டு வரும்போது நாகர்கோவில் கடைகளில் கொடுத்துவிடுகிறேன். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் யாராவது வாங்கிக் கொடுக்க முன்வந்தால் நல்லது. எனக்கு அந்தப் பக்கம் வர வண்டி இல்லை.

இப்படிக்கு,
தோவாளை வட்டத்திலிருந்து ஒரு வாழை விவசாயி