கோடை விடுமுறை ஆங்கில வாசிப்பு: 6, 7, 8ஆம் வகுப்பு அட்வான்ஸ்டு பிரிவுப் பெற்றோர்களுக்கு

மதுரை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூனில் 6, 7, 8ஆம் வகுப்புகளின் ஆங்கில அட்வான்ஸ்டு பிரிவுக்கு வரவிருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் இந்தக் கடிதத்தை அனுப்புகிறோம். விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை, சுருக்காத பதிப்பில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலும் கையுமாகப் படித்து வரவேண்டும். படித்ததைப் பற்றி ஒரு நோட்டும் எழுதவேண்டும். வேலை இவ்வளவுதான்.

ஒரு புத்தகம் போதுமா, மற்ற பள்ளிகளில் ஐந்தாறு கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். ஐந்து கொடுத்தால் ஒன்றைப் பாதி படித்துவிட்டு மீதி நான்குக்கும் இணையத்தில் கதைச்சுருக்கம் பார்த்து எழுதி வருகிறார்கள். பாடப்புத்தகத்தில் நான்கைந்து பக்கப் பாடங்களாகவே ஆங்கிலம் படித்துப் பழகிய பிள்ளைக்கு, நீளமான கதையில் யார் யார், எங்கே என்ன நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டே முன்னேறுவது புதிய பயிற்சி. அது ஒரே புத்தகத்தில் பல நாள் தங்கினால்தான் வரும்.

6ஆம் வகுப்புக்கு வருபவர்களுக்கு ரஸ்கின் பாண்ட் எழுதிய ‘தி ப்ளூ அம்ப்ரெல்லா’. 7ஆம் வகுப்புக்கு ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. 8ஆம் வகுப்புக்கு ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’. முதல் புத்தகம் சிறியது என்பதால், 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் தாங்களே தேர்ந்தெடுத்த இன்னொரு கதைப்புத்தகத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க எளிய வழி உண்டு. புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு விரல்கூட மடங்கவில்லை என்றால் அதுவும் வேண்டாம். பள்ளி கொடுக்கும் புத்தகங்களை இப்படிச் சோதிக்காதீர்கள். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ முதல் பக்கத்திலேயே தோற்றுவிடும்.

புத்தகம் வாங்கும்போதுதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பழைய ஆங்கில நாவல்களுக்குப் பல பதிப்பகங்கள் பாதிக்கும் கீழே சுருக்கி, வண்ணப்படம் சேர்த்து, குறைந்த விலைக்கு விற்கும் பதிப்புகள் கடைகளில் குவிந்திருக்கின்றன. அட்டையில் அசல் பெயரும் அசல் ஆசிரியரும்தான் இருக்கும். உள்ளே முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘அப்ரிட்ஜ்டு’ என்றோ ‘ரீடோல்டு’ என்றோ ‘அடாப்டட்’ என்றோ போட்டிருப்பார்கள். அதையும் போடாத பதிப்புகள் உண்டு. ஆகவே அத்தியாயங்களை எண்ணுங்கள். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ ஆறு பாகமும் 34 அத்தியாயமும் கொண்டது. ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 19 அத்தியாயம். பொருளடக்கத்தில் எண்ணிக்கை குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘ட்ரெஷர் ஐலண்ட்’டில் தீவின் வரைபடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீவன்சன் கதையைத் தொடங்கியதே அப்படியொரு வரைபடத்திலிருந்துதான். மரக்கோட்டை எங்கே, கப்பல் நிற்குமிடம் எங்கே என்று பார்க்க வரைபடம் இல்லாவிட்டால் நான்காம் பாகத்துக்கு மேல் பிள்ளை குழம்பிப்போகும்.

காசு கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஸ்டீவன்சன் 1894இல் இறந்தவர். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் முழு நாவலும் இலவசமாகக் கிடைக்கும். லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிவடிவமும் உண்டு. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது, கேட்பது மட்டும் வாசிப்பாகாது. நாராயண் மறைந்தது 2001இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுக்குப் பிறகுதான் காப்புரிமை நீங்கும் என்பதால், அவர் நாவல் வாட்ஸ்அப் குழுக்களில் பிடிஎஃப் ஆகச் சுற்றுவது திருட்டுப் பிரதிதான். தயவுசெய்து அதை அனுப்பவோ அச்செடுக்கவோ வேண்டாம். பள்ளி நூலகத்தில் இரண்டு நூல்களுக்கும் சில படிகள் இருக்கின்றன, வாங்க இயலாதவர்களுக்கு முதலில் தருவோம். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் உட்கார்ந்தும் படிக்கலாம். வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எவ்வளவு நேரம் படிப்பது என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டுவிடுங்கள். முதல் நாள் கடிகாரம் பார்த்து 20 நிமிடம் படிக்கச் சொல்லி, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று குறியுங்கள். நான்கு பக்கம் என்றால், 200 பக்கப் புத்தகத்துக்கு 50 அமர்வு வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் 25 நாள். தேர்வு முடிந்த முதல் வாரம் புத்தகமே வேண்டாம், பிள்ளைகள் தூங்கட்டும். சித்திரைத் திருவிழா நாட்களிலும் நோட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எந்தப் பிள்ளையும் எதையும் படிக்கப்போவதில்லை. கடைசி வாரத்துக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள். ஒரே நாளில் 60 பக்கம் ஓடிய பிள்ளைக்குக் கதை தெரிந்திருக்கும், ஒரு வரியும் நினைவில் இருக்காது.

இனி நோட்டு. நீள அளவு, கோடு போட்டது, 80 பக்கம். முதல் பக்கத்தில் புத்தகத்தின் பெயர், பதிப்பகம், பதிப்பாண்டு. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் இந்தத் தகவல் இல்லாமல் ஆசிரியரால் எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்கவேண்டும். இடப்பக்கம் புத்தகத்திலிருந்து ஒரு வரி, மேற்கோள் குறியோடு, அத்தியாய எண்ணும் பக்க எண்ணும் சேர்த்து. வலப்பக்கம் அந்த வரியைப் பற்றிப் பிள்ளைக்குத் தோன்றியது. ஓர் அமர்வுக்கு இரண்டு பதிவு போதும்.

இந்த வலப்பக்கம்தான் எங்களுக்கு முக்கியம், பிழை வருவதும் இங்கேதான். இடப்பக்கத்தில் எழுதிய வரியையே எளிய ஆங்கிலத்தில் திருப்பி எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். “சுவாமிக்குத் திங்கட்கிழமை பிடிக்கவில்லை” என்பது பதிவல்ல, அது புத்தகமே சொல்வது. எதனால் பிடிக்கவில்லை, எந்த இடத்தில் அது தெரிகிறது, முந்தைய அத்தியாயத்தில் அவன் செய்ததோடு இது பொருந்துகிறதா, இனி என்ன செய்வான் என்று எதிர்பார்க்கிறாய்: இவற்றில் ஒன்றுக்காவது விடை வலப்பக்கத்தில் இருக்கவேண்டும். “இது எனக்குப் புரியவில்லை, ஏனென்றால்…” என்று தொடங்கும் பதிவுக்கும் முழு மதிப்பெண் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் நோட்டில் மதிப்பெண் குறைக்கமாட்டோம், ஆகவே வீட்டில் திருத்திக் கொடுக்காதீர்கள். டியூஷன் டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் சொற்களுக்கு. ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் கதை நின்றுவிடும். ஒரு வாரத்தில் புத்தகமும் மூடப்படும். ஒரு சொல் இரண்டாம் முறையும் வழிமறித்தால் மட்டும் அடிக்கோடு போடட்டும். அத்தியாயம் முடிந்தபின் முதலில் சொந்த ஊகத்தை எழுதி, பிறகு அகராதி பார்த்து, அந்த வரிக்குப் பொருந்தும் பொருளைப் பக்கத்தில் எழுதவேண்டும். போன் மொழிபெயர்ப்பை நம்பினால் ‘ட்ரெஷர் ஐலண்ட்’டில் கப்பல் ஆட்களைக் குறிக்கும் ‘ஹேண்ட்ஸ்’ எல்லாம் கைகளாகிவிடும்.

8ஆம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைக் கைவிடும் இடங்கள் மூன்று. சத்திரத்தில் தொடங்கும் முதல் ஆறு அத்தியாயங்களில் அறிமுகமில்லாத பொருள்கள் நெருக்கமாக வரும். அதைக் கடந்துவிட்டால் 11ஆம் அத்தியாயத்தில் ஆப்பிள் பீப்பாய்க்குள் கதை சொல்லும் சிறுவன் ஜிம் ஒளிந்திருக்கும் காட்சி வரை கதையே இழுத்துச் செல்லும். அடுத்தது 16 முதல் 18 வரை. அதுவரை ஜிம் ‘நான்’ என்று சொல்லிவந்த கதையை இந்த மூன்று அத்தியாயங்களில் மட்டும் டாக்டர் லிவ்ஸி சொல்கிறார். தலைப்பிலேயே அது இருந்தாலும் பிள்ளைகள் தலைப்பைப் படிப்பதில்லை. ஜிம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதாக நினைத்துக் குழம்புகிறார்கள். மூன்றாவது, ஐந்தாம் பாகத்தில் சிறு தோணியையும் கப்பலையும் ஜிம் தனியாகச் சமாளிக்கும் பகுதி. பாய், கயிறு, நங்கூரம் எல்லாவற்றுக்கும் தனிப்பெயர் வரும். ஒவ்வொன்றையும் தேடாமல், கப்பல் எந்தப் பக்கம் போகிறது, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதை மட்டும் வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகட்டும். கொள்ளையர்கள் பேசும் ஆங்கிலம் வேண்டுமென்றே இலக்கணம் மீறி எழுதப்பட்டது, அதைப் பழகிக்கொள்ளக் கூடாது. குடியும் கொலையும் கதையில் உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் தெரிவித்தால் வேறு புத்தகம் தருவோம்.

‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ மொழியில் எளிது, அதனாலேயே வேகமாக ஓடிவிடுகிறார்கள். நிதானிக்கவேண்டிய இடம் 12ஆம் அத்தியாயம். அது 1930 ஆகஸ்ட் 15 என்ற தேதியோடு தொடங்குகிறது. ஆகஸ்ட் 15ஐப் பார்த்ததும் சுதந்திர தின விழா என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. சுதந்திரத்துக்கு 17 ஆண்டு முன்பு, நாராயணின் கற்பனை ஊரான மால்குடியில் நடக்கும் கண்டனக் கூட்டம் அது; அங்கே அந்நியத் துணிகளை எரிக்கிறார்கள். ஆண்டைப் பார்த்தால்தான் சுவாமி ஏன் தொப்பியைக் கழற்றி நெருப்பில் எறிகிறான் என்பது விளங்கும். கடைசி அத்தியாயத்தில் ரயில் நிலையக் காட்சிக்கு இரண்டு அமர்வு ஒதுக்குங்கள். நண்பன் ராஜம் சுவாமியை மன்னித்தானா என்று நாராயண் நேராகச் சொல்லவில்லை. இரண்டு விடைக்கும் சான்று புத்தகத்திலேயே இருக்கிறது, எந்தச் சுருக்கத்திலும் அது கிடைக்காது.

‘ப்ளூ அம்ப்ரெல்லா’ படமாகவும் வந்திருக்கிறது. விஷால் பரத்வாஜ் எடுத்த நல்ல படம்தான், ஆனால் கதை மாறியிருக்கிறது. புத்தகத்தில் கடைக்காரர் பெயர் ராம் பரோசா. குடையைத் திருட முயன்று பிடிபடுவது அவர் கடைப் பையன். படத்தில் கடைக்காரருக்கு வேறு பெயர், குடைக்குச் சிவப்புச் சாயமும் ஏறும். நோட்டில் சிவப்புக் குடை வந்தால் பிள்ளை எதைப் பார்த்து எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். படித்து முடித்தபின் படத்தைப் பார்த்து என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதி வந்தால் மகிழ்ச்சி. சுவாமியின் கதையும் வரும், சங்கர் நாக் இயக்கிய மால்குடி தொலைக்காட்சித் தொடருக்கும் இதே விதிதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் எழுதி வாங்கி வருவதைத் தடுக்க நாங்கள் எந்த மென்பொருளையும் வைக்கவில்லை. தட்டச்சு செய்ததை வாங்கமாட்டோம், அவ்வளவுதான். ஜூன் இரண்டாம் வாரத்தில் 40 நிமிட வகுப்பு ஒன்றில் எல்லாரும் எழுதுவார்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், புத்தகத்தை அல்ல. “பின்யா கடைசியில் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது மறதியாலா? உன் நோட்டிலிருந்து மூன்று வரிகளை வைத்து விளக்கு” என்பது மாதிரிதான் கேள்வி இருக்கும் (பின்யா, ‘ப்ளூ அம்ப்ரெல்லா’வில் குடைக்குச் சொந்தக்காரச் சிறுமி). நல்ல நோட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு இது எளிது. நோட்டுக்கு 20, எழுதுவதற்கு 20, ஐந்து நிமிடம் ஆசிரியரோடு பேசுவதற்கு 10 மதிப்பெண். இது முதல் இடைப்பருவத் தேர்வு மதிப்பெண்ணோடு சேராது. சார்ட், தெர்மாகோல் மாடல், மினுமினுக்கும் அட்டை எதுவும் வேண்டாம். அவற்றை ரெடிமேடாக விற்கும் கடைகள் எவை என்று எங்களுக்கும் தெரியும்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இன்று யார் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறாய் என்று மூன்று கேள்வி போதும். ‘ஏன்’ என்பதில் பிள்ளை தடுமாறினால் அந்த அத்தியாயம் புரியவில்லை. மறுநாள் முன்னே போகாமல் அதையே திரும்பப் படிக்கட்டும். தமிழில் சொன்னால் ஆங்கிலம் கெட்டுவிடுமோ என்று பயப்படவேண்டாம். புரிந்ததா என்று பார்க்க இதைவிட நம்பகமான வழி எங்களிடமும் இல்லை.

மே 15 ஆகியும் புத்தகத்தில் பாதி தாண்டவில்லை என்றால் திட்டாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். பள்ளி அலுவலகம் மே முழுவதும் வேலைநாட்களில் காலை 10 முதல் 1 மணி வரை திறந்திருக்கும். நூலகம் செவ்வாயும் வெள்ளியும் அதே நேரத்தில் இயங்கும்; ஆங்கில ஆசிரியர் ஒருவர் அங்கே இருப்பார். புத்தகத்தை முடிக்காத காரணத்துக்காக யாரையும் அட்வான்ஸ்டு பிரிவிலிருந்து எடுக்கமாட்டோம். எதுவரை படித்ததோ அதுவரை உண்மையாக நோட்டில் இருக்கவேண்டும்.

கீழே உள்ள சீட்டில் பள்ளிப் படி வேண்டுமா, சொந்தமாக வாங்குகிறீர்களா என்று குறித்து, கையெழுத்திட்டு, கடைசித் தேர்வு நாளுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்