மிதவைக்குக் கண் ஒட்டாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

மேசையில் சாமான்களை வைத்து நீ ஆடிய ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன். பாவைக் கலையை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய், முதலில் அதற்குப் பதில். முடியும். ஆட்டத்தை மட்டும் நம்பி முடியாது. எனக்கும் என்னைப் போன்ற பலருக்கும் அரிசி வாங்கும் காசு பள்ளிக்கூடப் பயிற்சிகளிலும், பிறர் நாடகங்களுக்குப் பொம்மை செய்து கொடுப்பதிலும்தான் வருகிறது. டெல்லியில் இருக்கும் சி.சி.ஆர்.டி. என்ற மத்திய அரசு மையம், வகுப்பில் பாவைகளைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே போய் வந்த ஆசிரியர் யாராவது உன் பக்கத்தில் இருந்தால் அவரைப் பிடி. வருமானக் கதையை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

சரி, வீடியோ. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் சுற்றும் துணி, நீருக்குள் பார்க்கப் போடும் கண்ணாடி, ரப்பர் செருப்பு, ஒரு பை, ஒரு மிதவை. இவ்வளவையும் மேசையில் வைத்துக்கொண்டு அம்மாவின் ஒரு நாளைச் சொல்லியிருக்கிறாய். செருப்பு இரண்டும் மேசை விளிம்புக்கு வந்து தயங்கிய இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலில் இறங்க யோசிக்கிறது செருப்பு! நீ பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செருப்பையே பார்த்தாய். ஆட்டுகிறவள் கண் எங்கே போகிறதோ அங்கேதான் பார்க்க வந்தவர்கள் கண்ணும் போகும். அசைவுக்கு முன்னால் ஒரு மூச்சு, அசைந்த பிறகு ஒரு நிறுத்தம். இதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருவதில்லை. உனக்குத் தானாக வந்திருக்கிறது.

அப்புறம் எதற்கு மிதவைக்குக் கண் ஒட்டினாய்? ஒட்டியதும் அது பொம்மையாகிவிட்டது. பொம்மை ஆட்டுவதில் தப்பில்லை, ஆனால் அது வேறு வேலை. நீ ஆடுவது ஆப்ஜெக்ட் தியேட்டர், அதாவது சாமான்களையே பாத்திரமாக்கி ஆடும் நாடகம். அதில் பொருளை அப்படியே விட்டுவிட வேண்டும். 1980 வாக்கில் பிரான்சில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது, அந்தக் கலைஞர்கள் கையில் எடுத்ததும் வீட்டில் புழங்கும் சாமான்களைத்தான். மிதவை மிதவையாகவே கிடக்கட்டும். அதை ஆவுளியாவாக, கடல்பசுவாகப் பார்ப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர் பாடு. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பனங்காய் வண்டிக்கு ஹெட்லைட் வரைந்தா ஓட்டுகிறார்கள்?

அதைவிடப் பெரிய குறை அந்தப் பை. ஈரப் பாசி நிறைந்த பையோடு கரையேறுகிற கட்டத்தில் அதை இரண்டு விரலால் தூக்கினாய். அம்மா அப்படியா தூக்குகிறார்கள்? கனம் தெரியாவிட்டால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். காலிப் பையில் கனம் காட்டுவதற்குக் கை மட்டும் போதாது. முதுகும் முழங்காலும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், சென்னைக்கும் டெல்லிக்கும் ஓடுவதற்கு முன்னால் கும்பகோணம் பக்கம் போய் ஒரு மரப்பாவைக் குழுவோடு கொஞ்ச காலம் இரு. பெரிய பாவை 4½ அடி உயரம், 10 கிலோ எடை இருக்கும். கயிறுகளைக் கட்டிய இரும்பு வளையத்தை ஆட்டுகிறவர் தன் தலையிலேயே மாட்டிக்கொள்வார். பாவையின் கைகளைக் கம்பியால் இயக்குவார். அவர் தலை சாய்ந்தால் பாவையும் சாயும். கனத்தை மறந்துவிட்டு ஒரு நொடிகூட அங்கே ஆட முடியாது.

தோல்பாவைக்கூத்தையும் பார்த்துவிடு. வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் கன்னியாகுமரி, மதுரைப் பக்கம் தலைமுறையாக ஆடிவருகிற கூத்து. திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் குரல் கொடுப்பார். நடுவில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் புகுந்து ஊர் வம்பெல்லாம் பேசுவார்கள். உன் ஆட்டத்தில் சிரிப்பே இல்லையே. பாசிக்குப் போகும் பெண்கள் வழியெல்லாம் அடிக்கும் கிண்டலை எங்கே விட்டாய்?

ஒரு விஷயத்தில் நீ பிடித்த வடிவம் ஊருக்குத் தோதானது. சோழக்காற்று அடிக்கும்போது கரையில் திரை நிற்காது, காகிதம் நிற்காது. மேசையும் செருப்பும் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பள்ளிகளுக்கும் அதில் பாதி லீவு. அந்தச் சாயங்காலங்களில் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம், மண்டபம் மாதிரி ஓர் ஊரில் ஒரு தெருவில் மேசையைப் போடு. பாசிக்குப் போகிறவர்களையே முன்னால் உட்கார வை. தப்பிருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள்.

பிரான்சில் பாவைக் கலைக்கென்றே இருக்கும் பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சார்ல்வில்-மெசியேர் என்ற ஊரில் 1987 முதல் இருக்கிறது. ஆசைப்படு, ஆனால் பிரெஞ்சு படிக்காமல் அங்கே வேலைக்கு ஆகாது. இப்போதைக்கு அதை ஓரமாக வை.

விரல்துணியையும் கண்ணாடியையும் வெளியூருக்கு எடுத்துப் போவதானால் அம்மாவிடம் கேட்டுவிட்டு எடு. கதை அவர்களுடையது; காசு வந்தால் அதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. "நல்ல வாய்ப்பு, வந்து ஆடு" என்று யார் கூப்பிட்டாலும், பஸ் செலவும் சம்பளமும் எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று முதல் போனிலேயே கேட்டுவிடு. கூச்சப்படாதே.

உன் அக்கா