காலாண்டு விடுமுறை முடிந்தது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தாகிவிட்டது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குறுவட்டப் போட்டியில் நம் மாணவிகள் கோ-கோவில் கோப்பை வாங்கி வந்தார்கள். கலைத் திருவிழாவிலும் பரிசுகள் கிடைத்தன. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்த விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி திறந்த பிறகும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பலர் இன்னும் வரவில்லை. வகுப்பாசிரியர்கள் போன் செய்தால் பல வீடுகளில் ஒரே பதில்தான்: “பனியன் கம்பெனிக்குப் போறானுங்க டீச்சர். தீவாளி போனஸ் வாங்கீட்டு வந்துருவானுங்க.” பெண் பிள்ளைகளில் சிலர் வீட்டுத் தறிக்குத் தார் (ஊடை நூல்) சுற்றுகிறார்கள். அம்மா ஷிப்ட்டுக்குப் போவதால் சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் சிரமம் எங்களுக்குத் தெரியாததல்ல. சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் மளிகைக் கடைப் பாக்கியும் அடைகின்றன. தீபாவளிக்கு முன் ஆர்டர் நெருக்கும்போது பனியனில் நூல் பிசிறு வெட்டவும் தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கவும் (கைமடி) ஆள் தேடுவார்கள். பிள்ளை போனால் கையில் நாலு காசு வரும். ஒரு மாதம்தானே என்று நினைப்பதும் இயல்பு.

ஆனால் அந்த ஒரு மாதம் என்ன செய்கிறது என்பதை நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். போன வருடம் இப்படிப் போய்த் திரும்பிய ஒரு பையனின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி செப்டம்பரில் நின்று, மறுபடி நவம்பரில் தொடங்குகிறது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நடுவில் சில பக்கங்களை விட்டிருந்தான். ஆண்டுத் தேர்வு வரை அவை நிரம்பவே இல்லை. கேள்வி கேட்டால் தலை குனிவான். பிறகு கணக்கு வகுப்பு உள்ள நாட்களில் வருவதை நிறுத்தினான். இந்த ஜூனில் பத்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. நல்ல மூளைக்காரப் பையன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். ஒன்பதாம் வகுப்பில் பல பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களைப் பிடித்து நிறுத்த நீங்களும் நாங்களும்தான் இருக்கிறோம். நம் ஊர் ஸ்டாப்பில் காலையில் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் கம்பெனி வேன் வந்துவிடுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கம்பெனி வேலைக்கு வைப்பது குற்றம். வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வீட்டு வேலையில் கூடமாட உதவுவதானாலும் பள்ளி நேரம் போகத்தான். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது வேலைக்குப் போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்வோம். அதில் யார் வீடு என்று பார்க்க மாட்டோம்.

அந்த நிலை வர வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அங்கேயே காலை உணவு உண்டு. அதற்கும் சின்னதை அங்கன்வாடியில் விடலாம். அக்காவை வீட்டில் நிறுத்தாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐடிஐக்கோ போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வருகிறது. பக்கத்து லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: டிசி கையில் இல்லையென்று எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

வேலைக்குப் போன பிள்ளைகளை வரும் திங்கட்கிழமையே அனுப்பி வையுங்கள். ஏன் வரவில்லை என்று வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். விட்டுப்போன பாடங்களை மாலையில் ஒரு மணி நேரம் தனியாக நடத்துகிறோம். பஸ் நேரத்தை மாற்றக் கேட்பது பற்றி வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுவோம். ஷிப்ட் முடிந்து வந்தாலும் சரி, அவசியம் வாருங்கள்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து கேட்டும் பிள்ளையை அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் காசு இல்லாமல் வீட்டை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்